அம்மாச்சி பார்த்த மலை

பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. பொங்கலுக்கு விருதுநகரில் அம்மா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருவருக்கும் மலை ஞாபகம்தான். தை மாதத்துக் காலையில் பனி விலகியதும் மொட்டைமாடியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக எழும்பி நிற்கும். "அதுல ஏறணும்" என்றான் சின்னவன். எதில் என்று கேட்டால் விரலை இடமிருந்து வலம் வரைக்கும் இழுத்துக் காட்டினான்.

சதுரகிரி போகலாமா என்று என் கணவர் கேட்டார். அவருக்குச் சின்ன வயதில் ஆடி அமாவாசைக்குப் போன நினைவு. வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறை அடிவாரத்தில் தொடங்கி, ஓடைகளைத் தாண்டி, வழுக்குப்பாறை ஏறி, சுந்தரமகாலிங்கம் சந்நிதி போய்ச் சேரப் பெரியவர்களுக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. 2015 மே மாதம் திடீரென்று பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் அங்கே பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் வனத்துறையின் கட்டுப்பாடுகள் இறுகின. கொரோனா கழிந்து மலைப்பாதையைத் திறந்துவிட்டபோது பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் அறுபது தாண்டியவர்களையும் விடவில்லை. வீட்டில் பலர் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிந்தது. ஒரு பிள்ளை ஏறும் முதல் மலை, அது தன் காலாலேயே ஏறி, தன் காலாலேயே இறங்கக்கூடியதாக இருக்க வேண்டும். தோளில் உட்கார்ந்து போன பிள்ளை மலையைப் பார்த்திருக்கும், ஏறியிருக்காது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள். "தங்கா மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. பிள்ளைக காலுக்கு அதுதான் சரி."

திருத்தங்கலைத்தான் அம்மா தங்கா என்பாள். சிவகாசியை ஒட்டிய ஊர். 2021-இல் சிவகாசியோடு சேர்ந்து மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஊருக்கு நடுவே ஒரு கரும்பாறைக் குன்று. அதன் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம், நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. அதே குன்றில் கருநெல்லிநாதர் என்ற பெயரில் சிவனும் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் இதை மலை என்றுதான் சொல்வோம். கரிசல்காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் தரை தரையாகக் கிடக்கும் இடத்தில், தலை தூக்கிய பாறை எதுவானாலும் மலைதான்.

"நீயும் வாம்மா" என்றேன்.

"நான் எதுக்கு? பாத்த மலைதானே" என்றாள். பிறகு அவளாகவே இரவில் எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தாள்.

நான் கண் விழித்தபோது மணி ஐந்து. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் தூக்குவாளிகளில் ஏறியிருந்தன. சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம், வெள்ளரிப்பிஞ்சு நாலு, தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று. அம்மா மூன்றரைக்கே எழுந்துவிட்டாள். என்றைக்கும் அப்படித்தான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு மூன்றரைக்கு மேல் தூக்கம் கிடையாது. சின்ன வயதில் இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தேன்.

ஆறு மணி சிவகாசி பஸ். அம்மா சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆமத்தூர் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. சாலையின் இரண்டு பக்கமும் பட்டாசுக்கடைப் பலகைகள், தள்ளுபடி எழுத்துகள், இடையிடையே கருவேலங்காடு. எதிரே ஒரு பள்ளி வேன் வந்தது. அதற்குப் பின்னால் பட்டாசு ஆபீசுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஒன்று. எங்கள் ஊரில் தொழிற்சாலை என்ற சொல் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்போம்.

"இதே ரோட்டுலதான் எங்க ஆபீஸ் பஸ்சும் வரும்" என்றாள் அம்மா. பெரியவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஆபீஸ்ல வேலை பாத்தீங்களா அம்மாச்சி?"

"ஆமா. உன் வயசுப் புள்ளையா இருக்கையில."

பெரியவள் அதை நம்பவில்லை. ஆபீஸ் என்றால் அவளுக்குக் கம்ப்யூட்டரும் கழுத்தில் தொங்கும் அட்டையும்.

அம்மா பிறந்தது திருத்தங்கலுக்கு அப்பால் ஒரு சின்ன கிராமம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பள்ளியில் மதியச் சோறு போட்ட காமராஜர் 1903-இல் பிறந்தது இந்த விருதுநகரில்தான். அந்தச் சோற்றை அம்மா மூன்று வருடம் தின்றிருக்கிறாள். பிறகு தீப்பெட்டி ஆபீஸ் ஏஜென்ட் வீட்டுக்கு வந்து தாத்தா கையில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். விடியக்காலம் நாலு மணிக்கு ஊர் எல்லையில் பஸ் ஆரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்கி உள்ளே போடுவார்கள். பொழுது சாய்ந்து இருட்டிய பிறகுதான் திரும்ப இறக்கிவிடுவார்கள். முதலில் லேபிள் ஒட்டினாள். அப்புறம் கட்டை அடுக்கினாள். மருந்தில் முக்குவதற்காக, பள்ளம் வெட்டிய சட்டங்களில் தீக்குச்சிகளை ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக வைப்பதுதான் கட்டை அடுக்குவது. சின்ன விரல்தான் அதற்குத் தோது என்பார்களாம்.

திருத்தங்கலில் இறங்கியபோது வெயில் இன்னும் வரவில்லை. அடிவாரத்தில் செருப்பைக் கழற்றியதும் பிள்ளைகள் குளிர்ந்த கல்லில் குதித்தார்கள். நான் ஒரு விதி போட்டேன்: சின்னவன்தான் முன்னால் போவான், யாரும் அவனைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளோடு மலையேறும் யாருக்கும் இதைச் சொல்வேன். பெரியவர்கள் முன்னால் போனால் பின்னால் வரும் பிள்ளைக்கு அது துரத்தல். பிள்ளை முன்னால் போனால் அவன் படைத்தலைவன். ஏழாவது படியில் படைத்தலைவன் உட்கார்ந்துவிட்டான். கட்டெறும்பு வரிசை ஒன்று படியைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றும் வாயில் வெள்ளையாக ஏதோ தூக்கிக்கொண்டு. நாங்கள் ஐந்து பேரும் நின்றோம். கடைசி எறும்பு போகிற வரைக்கும் நின்றோம்.

படிகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள். பெரியவள் கணக்கு ஒன்று, அவள் அப்பா கணக்கு ஒன்று, சின்னவன் இருபத்தொன்பதுக்கு அப்புறம் மறுபடியும் இருபதுக்குப் போய்விட்டான். இடையில் பாறையில் மழைநீர் தங்கிக் காய்ந்த குழிகள், படிக்கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்று, யாரோ கொட்டிவைத்த குங்குமம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்தம். வேகமாக ஏறினால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் குன்று அது. அதை ஒரு காலைப்பொழுதாக நீட்டியவர்கள் பிள்ளைகள்.

பாதி ஏறியதும் நிழலில் உட்கார்ந்தோம். வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக் கொடுத்தபடி இந்த ஊர்க் கதையைச் சொன்னேன். சிலப்பதிகாரத்தில், மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதைகளில் ஒன்று அது. கட்டுரை காதையில் வருகிறது. படித்த நாளிலிருந்து, இந்தக் குன்றைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவு வரும்.

பராசரன் என்று ஒரு பார்ப்பனர். சேர மன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற வழியில் தங்கால் என்ற இந்த ஊரில் அரசமரத்தடி மன்றத்தில் இளைப்பாறினார். தெருப்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு, என்னோடு பிசகில்லாமல் வேதம் சொல்கிறவன் இந்த மூட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். வார்த்திகன் என்பவருடைய மகன், தட்சிணாமூர்த்தி என்ற பொடியன், பால்மணம் மாறாத வாய், நாக்கு இன்னும் திருந்தவில்லை. அவன் தப்பில்லாமல் சொல்லிவிட்டான். அவர் மகிழ்ந்துபோய்த் தன் நகைகளையும் மூட்டையையும் அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். பையன் வீட்டார் நகை போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்த அரசனின் ஆட்கள், புதையல் எடுத்து மறைத்துவிட்டான் என்று வார்த்திகனைச் சிறையில் அடைத்தார்கள். அவர் மனைவி கார்த்திகை தரையில் விழுந்து புரண்டு அழுதாள். அந்த அழுகைக்குக் கொற்றவை கோயில் கதவு அடைத்துக்கொண்டது. யார் தள்ளியும் திறக்கவில்லை. பாண்டியன் என்ன பிழை நடந்தது என்று விசாரித்தான். உண்மை தெரிந்ததும் என் முறை தவறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வார்த்திகனை விழுந்து வணங்கினான். தங்காலையும் வயலூரையும் அவருக்கே கொடுத்தான். கதவு திறந்த சத்தம் மதுரைத் தெருவெல்லாம் கேட்டதாம்.

"அந்தப் பையன் இந்தப் படியில ஏறியிருப்பானா?" என்று கேட்டாள் பெரியவள்.

"ஏறியிருப்பான்" என்றார் அவள் அப்பா. படி அன்றைக்கு இருந்ததோ இல்லையோ, பாறை இருந்தது.

அம்மா இந்தக் கதையை இதுவரை கேட்டதில்லை. வெள்ளரித் தோலை ஒரு தாளில் கூட்டி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் புள்ளைக்காவது சாமி கதவடைச்சிச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் பிள்ளைகள் முன்னால் அழுதிருப்பேன்.

அம்மாவின் காலத்தில் எந்தக் கதவும் அடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. மெதுவாக, ரொம்ப மெதுவாக அடைத்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1990-இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை சலம் பென்னூர்கர் எடுத்தார். வெளியூர் ஆட்கள் இந்த ஊரின் விடியற்கால பஸ்களைத் திரையில் பார்த்தார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்திருந்தவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள். அதற்கெல்லாம் முன்பே அம்மா கல்யாணம் ஆகி விருதுநகர் வந்து, என்னைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மழை பெய்தாலும் காய்ச்சல் அடித்தாலும் ஒரு நாள் விடமாட்டாள். அப்போது எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது.

சந்நிதியில் கூட்டமில்லை. பெருமாள் நின்ற கோலம். சின்னவன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான், "இவரு எப்பவும் நிக்கிறாரா? உக்காரவே மாட்டாரா?" அம்மா அவன் நெற்றியில் துளசித் தீர்த்தத்தைத் தடவிவிட்டாள். "நீ வருவேன்னு பாத்துக்கிட்டு நிக்கிறாருய்யா." திருமகள் இந்தத் தங்காலுக்கு வந்து தவம் செய்ததால்தான் ஊர்ப்பெயரோடு 'திரு' சேர்ந்தது என்பது தலபுராணம். அம்மாவுக்கு அது மனப்பாடம். முன்பு ஏகாதசிக்கும் நேர்த்திக்கும் கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கிறாள்.

கும்பிட்டுவிட்டு வந்து பாறை விளிம்பு தள்ளி, காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது: ஓட்டுக்கூரை, சிமெண்டுக்கூரை, ரயில்பாதை, கண்மாய்க்கரை, அச்சகங்களின் நீளமான கொட்டகைகள். மேற்கே அந்த நீல மலை, மொட்டைமாடியிலிருந்து பார்த்ததைவிடக் கிட்டத்தில். அங்கேதான் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் 1988-இல் வந்தது; 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். புலி என்றதும் சின்னவன் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

பெரியவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்த வீடெல்லாம் ஏன் ஒண்ணை விட்டு ஒண்ணு தள்ளித் தள்ளி இருக்கு? யாருக்கும் யாரையும் பிடிக்காதா?"

தூரத்தில் வேப்ப மரங்களுக்கு நடுவே சிறு சிறு அறைகள் தனித்தனியாக நின்றன. பட்டாசு ஆபீஸ் அப்படித்தான் இருக்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக இடைவெளி. ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. ஓடி வெளியேற எதிரெதிரே கதவுகள். தரையில் ரப்பர் விரிப்பு. உள்ளே நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் தரையிறங்கச் செப்புத் தகட்டைத் தொட வேண்டும். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஏன் இந்த ஊரில் மட்டும் இத்தனை என்று கேட்டாள்.

மழை இல்லாததால் என்றேன். அதுதான் முழு உண்மைக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற பதில். வானம் பார்த்த பூமி. கிணறும் வற்றும், கம்பும் சோளமும் கைவிடும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். குச்சி காயவும் லேபிள் காயவும் வெயில் தாராளமாக இருந்தது. வயலில் வேலையில்லாத கைகள் வீட்டுக்கு வீடு இருந்தன. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு, லேபிளுக்குப் பின்னால் அச்சுத்தொழில். பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போக வேண்டிய சனங்களை இந்தத் தொழில் ஊரிலேயே நிறுத்தியது. அதை நான் மறக்கவில்லை. என் தாத்தா வீட்டு உலை அதில்தான் கொதித்தது. நாட்டுக்கே தீபாவளி வெளிச்சம் பெரும்பாலும் இந்தக் கரிசலிலிருந்துதான் போகிறது. சாயங்கால பஸ்ஸில் அலுமினியப் பொடி ஒட்டிய வெள்ளிக் கைகளோடு கம்பியைப் பிடித்து நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது, அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் அவர்கள் தோலிலேயே தங்கிவிட்டது போலிருக்கும்.

"வெடிச்சா என்ன ஆகும்?" என்றாள்.

2012 செப்டம்பர் 5. சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆபீஸ் வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புகை பார்த்து உதவ ஓடியவர்களும் அதில் உண்டு. எட்டு வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு சொல்வது? "சில சமயம் வெடிச்சிருக்கு. ஆளுக செத்துப்போயிருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் அந்த அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "இப்ப உள்ள ஆளு இருக்காங்களா?" இருப்பார்கள் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போதும் முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தாள்.

மலைமேல் தின்னும் எலுமிச்சைச் சோற்றுக்கு வீட்டில் இல்லாத ருசி உண்டு. காராச்சேவைக் கடைசிப் பொடி வரைக்கும் சின்னவன் கவிழ்த்துக்கொண்டான். கை கழுவிவிட்டு, விழுந்து கிடந்த வேப்ப ஈர்க்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து அம்மா முன்னால் போட்டான். "எப்படி அடுக்குவீங்கன்னு காட்டுங்க அம்மாச்சி."

பாறையில் இயற்கையாகவே ஒரு நீளக் கீறல் இருந்தது. அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இடது கை ஈர்க்குகளைப் பிடித்துக்கொள்ள, வலது கை எடுத்தது, வைத்தது, எடுத்தது, வைத்தது. அவள் பார்வை கையில் இல்லை. ஒன்றையொன்று தொடாமல், ஒரே இடைவெளியில், ஒரு சாண் நீளத்துக்கு வரிசை நின்றுவிட்டது. எங்களில் யாரும் அவள் கை இவ்வளவு வேகமாகப் போய்ப் பார்த்ததில்லை. சங்கப் புலவர்களில் தங்கால் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் வெண்ணாகனார் என்பவர் பொற்கொல்லர். கைவேலை இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால் பொற்கொல்லர் தன் கைவேலையைத் தானே தேர்ந்திருப்பார், அல்லது அப்பன் சொல்லிக் கொடுத்திருப்பார். எட்டு வயதில் பஸ்ஸில் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

"இன்னும் வேகமா!" என்றான் சின்னவன்.

அம்மா கையை நிறுத்தினாள். வரிசையை உள்ளங்கையால் ஒரே வழியாக வழித்துத் தள்ளினாள். "போதும்யா. இது வெளையாட்டு இல்ல."

கொஞ்ச நேரம் கீழே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ்சு அந்த வளைவுல திரும்பையில மலை மேல ஒரு விளக்குத் தெரியும். போகையிலயும் இருட்டு, வரையிலயும் இருட்டு. மலை தெரியாது, விளக்குதான் தெரியும். ரெண்டு மூணு வருசமா அது அந்தரத்துல நிக்கிற விளக்குன்னே நெனச்சிருந்தேன்."

"அப்ப ஏறிப் பாக்கலையா?" என்றாள் பெரியவள்.

"அப்புறம் ஏறியிருக்கேன், நேர்ந்துக்கிட்டு. இப்பிடி வந்து உக்காந்ததில்ல."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் கரும்பாறை சுட ஆரம்பித்துவிடும், வெறுங்காலோடு பிள்ளைகள் இறங்கத் திணறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தூக்குவாளியை மூடிப் பையில் வைத்தேன். வீட்டில் எந்த விசேசத்துக்குப் போனாலும், எந்த ஊருக்குப் போனாலும், "நேரமாச்சு, கிளம்பு" என்று முதலில் எழுந்திருக்கும் ஆள் அம்மா. அவள் அசையவில்லை. சின்னவன் அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மடியில் படுத்திருந்தான்.

"அம்மா, பாறை சுடும்."

"சுட்டா தூக்கிக்கிட்டு எறங்குவோம்" என்றாள். "இருடி. இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்."